மின்சாரம் போனால் தொடர்பும் போக வேண்டுமா?

1996 ஆகஸ்டு 3, சனிக்கிழமை, மாலை மணி 5.17. திரங்கானு மாநிலத்தின் பாக்கா மின் நிலையத்துக்கு அருகே ஒரு மின்கடத்தித் தடம் துண்டித்துக்கொண்டது. தீபகற்ப மலேசியாவின் மற்ற மின் நிலையங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கோலாலம்பூர் உட்படப் பல மாநிலங்கள் இருளில் மூழ்கின. இரவு வந்த பிறகுதான் படிப்படியாக மின்சாரம் திரும்பியது.

ஒரே ஓர் இடத்தில் ஏற்பட்ட கோளாறு எப்படி இத்தனை தூரம் பரவியது? மின் நிலையங்கள் யாவும் ஒரே வலையில், ஒரே அதிர்வெண்ணில், அதாவது 50 ஹெர்ட்ஸில் சுழல்கின்றன. ஒன்று திடீரென விலகினால் அதன் சுமை மற்றவற்றின் மேல் விழும். அவற்றின் சுழற்சி வேகம் குறையும். அளவுக்கு மீறிக் குறைந்தால், இயந்திரம் சேதமடையாமல் இருக்க ஒவ்வொரு நிலையமும் தன்னைத் தானே துண்டித்துக்கொள்ளும்.

இப்படியொரு மாலை இன்று வந்தால் என்ன ஆகும்? பாரிட் புந்தாரில் உள்ள ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அப்பா பிறை தொழிற்சாலையில் இருக்கிறார். அக்கா புக்கிட் மெர்தாஜாமிலிருந்து கொமூட்டர் ரயிலில் வந்துகொண்டிருக்கிறார். அந்த ரயிலும் மின்சாரத்தில் ஓடுவதுதான். நீங்கள் புறப்பாட நடவடிக்கை முடிந்து பள்ளி வாசலில் நிற்கிறீர்கள். மூச்சிரைப்பு உள்ள பாட்டி வீட்டில் தனியாக இருக்கிறார். கைப்பேசியில் 20 விழுக்காடு மின்னூட்டம் மட்டுமே மீதம். யாரை, எப்படி, எந்த வரிசையில் தொடர்புகொள்வது?

இதற்கு விடை காண ஒரு கேள்வி போதும்: நான் பயன்படுத்தும் கருவிக்கும், அது பேச வேண்டிய அடுத்த கருவிக்கும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? தொடர்பு என்பது பல கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலி. ஒரு கண்ணிக்கு மின்சாரம் இல்லையென்றாலும் சங்கிலி அறுந்துவிடும். கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கம்பியோடு வந்த மின்சாரம்

1996-இல் பெரும்பாலான வீடுகளில் இருந்தது மேசைத் தொலைபேசி. அதைச் சுவரில் உள்ள மின் செருகியில் யாரும் செருகியதில்லை. தொலைபேசிக் கம்பி ஒன்றே போதும். பேசுவதற்கான மின்சாரமும் அந்தச் செம்புக் கம்பி வழியாகவே தொலைபேசி நிலையத்திலிருந்து வந்தது.

தொலைபேசி நிலையத்தில் ஈய-அமில மின்கலங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு கலம் ஏறத்தாழ 2 வோல்ட். 24 கலங்களைத் தொடராக இணைத்தால் 24 × 2 = 48 வோல்ட். உலகம் முழுவதும் தொலைபேசித் துறை இந்த 48 வோல்ட்டையே கடைப்பிடித்தது. இதில் ஒரு வேதியியல் நுட்பமும் உண்டு. மின்கல வரிசையின் நேர்முனையைத் தரையோடு இணைப்பார்கள். அப்போது கம்பியின் மின்னழுத்தம் −48 வோல்ட் ஆகிறது. மண்ணின் ஈரம் பட்ட கம்பியில் மின்னாற்பகுப்பு நடந்தால், நேர்முனையாக இருக்கும் உலோகமே கரையும். கம்பி எதிர்முனையாக இருப்பதால் செம்பு கரையாமல் தப்புகிறது.

தொலைபேசியை எடுத்துப் பேசும்போது கம்பியில் ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியது. அதை 0.03 ஆம்பியர் என்று கொள்வோம். திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். எனவே 48 × 0.03 = 1.44 வாட். ஓர் எல்இடி விளக்குக்குத் தேவையானதில் சிறு பங்குதான் இது. ஊரெங்கும் இருள் சூழ்ந்தாலும், நிலையத்தின் மின்கலங்களும் டீசல் ஜென்செட்டும் தாங்கும் வரை தொலைபேசி ஒலிக்கும் வகையில் அந்த அமைப்பு கட்டப்பட்டிருந்தது. கம்பியில்லாக் கைப்பிடி கொண்ட வீட்டுத் தொலைபேசிக்கு இது பொருந்தாது. அதன் அடித்தளப் பெட்டிக்கு வீட்டு மின்சாரம் தேவை.

கண்ணாடி இழை மின்சாரத்தைக் கொண்டு வராது

மலேசியாவில் 2010-இல் யூனிஃபை சேவை தொடங்கியது. அதன்பின் செம்புக் கம்பியின் இடத்தை ஒளியிழை பிடிக்கத் தொடங்கியது. ஒளியிழை என்பது மெல்லிய கண்ணாடி நூல். அதில் ஒளி போகும், மின்சாரம் போகாது. ஆகவே ஒளியை மின்குறியாக மாற்றும் மோடமும், அருகலையைப் பரப்பும் ரௌட்டரும் உங்கள் வீட்டு மின்சாரத்தையே நம்பியிருக்கின்றன. மின்சாரம் போன நொடியே இரண்டும் அணைந்துவிடும். ரௌட்டரோடு இணைத்த வீட்டுத் தொலைபேசியும் அத்தோடு ஊமையாகிவிடும்.

இதன் மறுபக்கத்தைப் பலர் அறிவதில்லை. தொலைபேசி நிலையத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையே ஒளியிழை பிரியும் இடங்களில் மின்சாரம் தேவைப்படுவதில்லை. ஒரு கண்ணாடிப் பிரிப்பான் ஒளிக்கற்றையைப் பல கிளைகளாகப் பிரித்து அனுப்புகிறது. முப்பட்டகம் ஒளியை விலக்குவதற்கு மின்சாரம் கேட்பதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும். ஆகவே உங்கள் தாமானில் மட்டும் மின்தடை, தொலைபேசி நிலையம் இயங்குகிறது என்றால், சங்கிலியில் அறுந்த கண்ணி உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறது. மோடத்துக்கும் ரௌட்டருக்கும் பொருத்தமான சிறு மின்கலக் காப்பு இருந்தால் இணையம் தொடர வாய்ப்புண்டு.

கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டு கருவிகளும் சேர்ந்து 18 வாட் எடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலத்தின் ஆற்றல் 12 × 7 = 84 வாட்-மணி. ஈய-அமில மின்கலத்தை முழுவதும் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். எனவே பாதியை மட்டும், அதாவது 42 வாட்-மணியைப் பயன்படுத்துவோம். 42 ÷ 18 = 2.3 மணி நேரம். இடிமழையில் வரும் வழக்கமான மின்தடையைக் கடக்க இது பெரும்பாலும் போதும். மின்கலத்தை நீங்களாகவே கம்பி வைத்து இணைக்கக் கூடாது. கருவியின் அடியில் அச்சிட்ட வோல்ட், ஆம்பியர் அளவுகளுக்கு ஏற்ற காப்புக் கருவியைப் பெரியவர்களோடு சேர்ந்து கடையில் கேட்டு வாங்க வேண்டும்.

கோபுரத்துக்கும் பசிக்கும்

அருகலை போனால் என்ன, கைப்பேசியில் தரவு இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் கைப்பேசி அதிகபட்சம் 0.2 வாட் அளவுக்கு 4ஜி அலையை வீசுகிறது. அது எட்டுவது அருகிலுள்ள கோபுரத்தைத்தான். அதற்கு அப்பால் செய்தியைக் கொண்டு செல்வது கோபுரத்தின் வேலை. கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டும்.

கோபுரத்தின் அடியில் உள்ள பெட்டிகளிலும் 48 வோல்ட் மின்கலங்கள்தான் காத்திருக்கின்றன. ஒரு கோபுரத்தில் 200 ஆம்பியர்-மணி மின்கலம் இருப்பதாகவும், அதன் கருவிகள் 2,000 வாட் எடுப்பதாகவும் கொள்வோம். 48 × 200 = 9,600 வாட்-மணி. 9,600 ÷ 2,000 = 4.8 மணி நேரம். மின்கலம் பழையதாக இருந்தால் இன்னும் குறையும். ஜென்செட் உள்ள கோபுரம் நீண்ட நேரம் நிற்கும். ஆனால் அதற்கு டீசல் கொண்டுபோகச் சாலை திறந்திருக்க வேண்டும்.

2014 டிசம்பரில் கிளந்தானைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது இந்த நிலையை நாடே கண்டது. பல இடங்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் ஒருங்கே அறுந்தன. சாலைகள் நீரில் மூழ்கியதால் உதவி போய்ச் சேரவும் தாமதமானது. அண்மையில் 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்த்துகலும் நண்பகல் வேளையில் ஒட்டுமொத்தமாக மின்சாரத்தை இழந்தன. தொடக்கத்தில் வேலை செய்த கைப்பேசிகள், மணிக்கணக்கில் கோபுரங்களின் மின்கலம் தீரத் தீர, அலையை இழந்தன. மக்கள் கடைகளுக்கு ஓடி மின்கல வானொலிகளை வாங்கினார்கள்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது இது: மின்தடையின் முதல் ஒரு மணி நேரம் மிக மதிப்புள்ளது. கோபுரங்கள் உயிரோடு இருக்கும் அந்த நேரத்திலேயே முக்கியமான செய்திகளை அனுப்பிவிட வேண்டும். நண்பர்களுக்குப் படம் அனுப்புவதும் காணொளி பார்ப்பதும் பிறகு.

அழைப்பா, குறுஞ்செய்தியா?

மின்சாரம் போனதும் எல்லாரும் ஒரே நேரத்தில் அழைக்கத் தொடங்குவார்கள். கோபுரத்தின் கொள்ளளவு வரையறுக்கப்பட்டது. அழைப்பு கிடைக்காதபோது என்ன செய்வது?

ஒரு நிமிடக் குரலையும் ஒரு குறுஞ்செய்தியையும் ஒப்பிடுவோம். கைப்பேசிக் குரலுக்கான ஒரு பழைய தரம் நொடிக்கு 12,200 பிட். ஒரு நிமிடத்துக்கு 12,200 × 60 = 7,32,000 பிட். 8-ஆல் வகுத்தால் 91,500 பைட். இது ஒரு பக்கக் குரலுக்கு மட்டும். ஒரு குறுஞ்செய்தியின் அதிகபட்ச அளவு 140 பைட். 91,500 ÷ 140 = ஏறத்தாழ 650. ஒருவர் ஒரு நிமிடம் பேசும் இடத்தில் 650 குறுஞ்செய்திகள் போய்விடும்!

இன்னொரு நன்மையும் உண்டு. அழைப்புக்கு இரு முனைகளும் ஒரே கணத்தில் தயாராக இருக்க வேண்டும். குறுஞ்செய்தி அஞ்சலட்டை போன்றது. பெறுபவரின் கைப்பேசி அணைந்திருந்தால், நிறுவனத்தின் மையம் செய்தியைச் சேமித்து வைத்து மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்க்கும். அக்காவின் ரயில் அலை இல்லாத இடத்தில் நின்றிருந்தாலும், அலை கிடைத்ததும் செய்தி வந்து சேரும். புலனத்தில் அனுப்பும் எழுத்துச் செய்தியும் இப்படிக் காத்திருக்கக் கூடியதுதான். ஆனால் அதற்கு இணையத் தடம் முழுவதும் திறந்திருக்க வேண்டும்.

தமிழில் குறுஞ்செய்தி அனுப்புவோருக்கு ஒரு கணக்கு. 140 பைட் என்பது 1,120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் என்பதால் 1,120 ÷ 7 = 160 எழுத்துகள் அடங்கும். தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 16 பிட் வேண்டும். 1,120 ÷ 16 = 70 குறியீடுகள்தாம். மேலும் நம் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது கணினிக்கு இரண்டு குறியீடாக இருக்கலாம். ‘நா’ என்பது ‘ந’ ஒன்று, துணைக்கால் ஒன்று. ‘ன்’ என்பது ‘ன’ ஒன்று, புள்ளி ஒன்று. ‘நான் நலம்’ என்பதில் நாம் எண்ணுவது 5 எழுத்துகள். இடைவெளியையும் சேர்த்துக் கைப்பேசி எண்ணுவது 9 குறியீடுகள். 70-ஐத் தாண்டினால் செய்தி இரண்டாகப் பிரியும். ஆகவே சுருக்கமாக எழுதப் பழகுங்கள். யார், எங்கே, எப்படி இருக்கிறோம், அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்ற நான்கும் போதும்.

உயிருக்கு ஆபத்து என்றால் இந்தச் சிக்கனம் வேண்டாம். பாட்டிக்கு மூச்சுத் திணறல் என்றால் உடனே 999-ஐ அழைக்க வேண்டும். கைப்பேசியிலிருந்து 112-ஐ அழைத்தாலும் அதே சேவைக்கே இணைப்பு போகும். உங்கள் நிறுவனத்தின் அலை இல்லாவிட்டாலும், வேறொரு நிறுவனத்தின் கோபுரம் எட்டும் தூரத்தில் இருந்தால் அவசர அழைப்பு அதன் வழியாகச் செல்லும். திரையில் ‘அவசர அழைப்பு மட்டும்’ என்று தெரிவதன் பொருள் அதுதான். மின்தடை குறித்துத் தெரிவிக்க மட்டும் 999-ஐ அழைக்கக் கூடாது. அதற்குத் தெனாகா நேஷனலின் 15454 என்ற எண் இருக்கிறது.

20 விழுக்காட்டில் எத்தனை மணி நேரம்?

5,000 மில்லி ஆம்பியர்-மணி என்று குறித்த கைப்பேசி மின்கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 3.8 வோல்ட். 5 × 3.8 = 19 வாட்-மணி. இதில் 20 விழுக்காடு என்றால் 3.8 வாட்-மணி.

காணொளி பார்க்கும்போது கைப்பேசி 3 வாட் எடுப்பதாகக் கொள்வோம். 3.8 ÷ 3 = 1.27 மணி, அதாவது ஏறத்தாழ 76 நிமிடம். திரையை அணைத்துச் சும்மா வைத்திருக்கும்போது 0.2 வாட் என்று கொள்வோம். 3.8 ÷ 0.2 = 19 மணி நேரம். அதே 20 விழுக்காடுதான். ஒன்று இரவு உணவுக்கு முன் தீர்ந்துவிடும், மற்றொன்று மறுநாள் நண்பகல் வரை வரும்.

கைப்பேசியின் மின்சாரத்தை மறைவாகத் தின்பது பலவீனமான அலை. கோபுரம் தொலைவில் இருந்தால் கைப்பேசி தன் அலைவீச்சை உயர்த்தும். வேறு கோபுரத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். ஆகவே அலை இல்லாத இடத்தில் விமானப் பயன்முறையில் வைத்து, குறித்த நேரத்தில் மட்டும் திறப்பது நல்லது. திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். வெளிச்சத்துக்குக் கைப்பேசியைப் பயன்படுத்தாமல், தனியாக ஒரு கைவிளக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

பவர் பேங்கின் மேல் 10,000 என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் கலத்தின் அளவு. 10 × 3.7 = 37 வாட்-மணி. அதை 5 வோல்ட்டாக உயர்த்தி, மீண்டும் கைப்பேசிக்குள் குறைக்கும்போது ஒரு பகுதி வெப்பமாக வீணாகும். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 25 வாட்-மணி கைப்பேசிக்குள் போய்ச் சேரும் என்று கொள்ளலாம். 19 வாட்-மணிக் கைப்பேசியை ஒரு முறை முழுவதும் நிரப்பிக் கொஞ்சம் மிஞ்சும். ‘இரண்டு முறை வரும்’ என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே.

ஜென்செட்டோ காரோ பயன்படுத்தி மின்னூட்டம் செய்யும் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. ஜென்செட்டை வீட்டுக்குள்ளும், காரை மூடிய இடத்திலும் ஒருபோதும் ஓடவிடக் கூடாது. அவற்றின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் செய்து உயிரைப் பறிக்கும்.

வயல்வெளி தரும் அலைவழி

கோபுரங்களும் ஓய்ந்துவிட்டால் மீதமிருப்பது வானொலி. அதிலும் முதலில் நினைவுக்கு வர வேண்டியது எளிய பண்பலை வானொலிப் பெட்டி. அது கேட்க மட்டுமே உதவும். ஆனால் வதந்தி பரவும் வேளையில் சரியான செய்தியைக் கேட்பதே பெரிய உதவி. இரண்டு சிறு மின்கலங்கள் போட்ட வானொலி 0.2 வாட் எடுப்பதாகக் கொள்வோம். ஒரு கலம் 1.5 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் இரண்டும் சேர்ந்து 6 வாட்-மணி. 6 ÷ 0.2 = 30 மணி நேரம்! மின்னல் எஃப்.எம். செய்தியை இரண்டு நாள் தவணை முறையில் தாராளமாகக் கேட்கலாம்.

பண்பலை அலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வது. பூமியின் வளைவு அதை மறைக்கும். தடையற்ற நிலத்தில் அடிவானம் எவ்வளவு தூரம் என்பதற்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். கெடாவின் குனோங் ஜெராய் 1,217 மீட்டர் உயரம். அதன் உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம் இருக்கிறது. 1,217-இன் வர்க்கமூலம் 34.9, 34.9 × 3.57 = ஏறத்தாழ 125 கிலோமீட்டர். பாரிட் புந்தார் அங்கிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. இடையில் குன்று மறைக்காத வரை பூமியின் வளைவு தடையாகாது. ஒலிபரப்பாளர்கள் மலை உச்சியைத் தேடுவதன் காரணம் இப்போது புரிகிறதா?

இருவழியாகப் பேசக் கையடக்க வாக்கி-டாக்கி உதவும். மலேசியாவில் 477 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும், சிரிம் சான்று பெற்ற சிறு கருவிகளைத் தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். இடையில் கோபுரமே தேவையில்லை. சங்கிலியில் இரண்டே கண்ணிகள்தாம்.

இங்கே கிரியான் மாவட்டத்தின் நிலம் நமக்குத் துணை. 1906-இல் நிறைவுற்ற கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் இப்பகுதியைப் பெரும் நெல்வயலாக்கியது. நிலம் தட்டையானது. வாயருகே, 1.5 மீட்டர் உயரத்தில் கருவியைப் பிடித்தால் அடிவானம் 3.57 × 1.22 = 4.4 கிலோமீட்டர். எதிரில் உள்ளவருக்கும் அதே 4.4. ஆக, திறந்த வயல்வெளியில் பூமியின் வளைவு விதிக்கும் எல்லை ஏறத்தாழ 8.8 கிலோமீட்டர். நடைமுறையில் கருவியின் சிறு ஆற்றல் அதற்கும் முன்பே எல்லை போட்டுவிடும். கடைத்தெருவின் கட்டடங்களுக்கு நடுவிலோ செம்பனைத் தோட்டத்துக்குள்ளோ அது இன்னும் மிகவும் குறையும். ஈரமான இலைகளும் காங்கிரீட்டும் அலையை உறிஞ்சும். அட்டையில் அச்சிட்ட தூரத்தை நம்பாமல், உங்கள் வீட்டிலிருந்து பள்ளி வரை நீங்களே சோதித்துக் குறித்து வைப்பதுதான் அறிவியல்.

கடலைத் தாண்டிய குரல்

அடிவானத்துக்கு அப்பாலும் வானொலி அலை போகுமா? போகும். அதற்குச் சான்று 2004 டிசம்பர் 26.

பாரதி பிரசாத் என்ற இந்திய அமெச்சூர் வானொலி வல்லுநர் அப்போது அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தார். அங்கிருந்து உலக நாடுகளின் வானொலி ஆர்வலர்களோடு பேசுவதற்குச் சிறப்பு அனுமதி பெற்றுத் தம் குழுவோடு வந்திருந்தார். அவரது அழைப்புக் குறி விஊ4ஆர்பிஐ. அன்று காலை நிலம் நடுங்கியது. தொடர்ந்து ஆழிப்பேரலை தீவுகளைத் தாக்கியது. மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்டன. பொழுதுபோக்குக்காகக் கொண்டு வந்த வானொலி அன்று தீவுகளையும் பெருநிலத்தையும் இணைத்தது. உறவினர்களின் நிலை அறியத் தவித்தவர்களுக்கு அந்தக் குழு செய்தி பரிமாறியது.

போர்ட் பிளேரிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர். நேர்க்கோட்டில் செல்லும் அலை இவ்வளவு தூரம் எட்டாது. ஆனால் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலைகள் வானில் பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் வளைந்து மீண்டும் தரைக்குத் திரும்பும். சூரியக் கதிர்கள் காற்றின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரிப்பதால் உருவாகும் அடுக்கு அது. அதற்கு ஜென்செட்டும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். ஒரு கார் மின்கலம், ஒரு வானொலி, ஒரு நீண்ட கம்பி அலைவாங்கி, பயிற்சி பெற்ற ஒரு மனிதர் இருந்தால் போதும்.

மலேசியாவிலும் அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள் இருக்கிறார்கள். தீபகற்பத்தில் அவர்களின் அழைப்புக் குறி 9எம்2 அல்லது 9டபிள்யூ2 என்று தொடங்கும். இதற்கு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் உரிமம் தேவை; தேர்வு எழுதித் தேற வேண்டும். இயற்பியலில் ஆர்வமுள்ள மாணவர்கள் எஸ்.பி.எம். முடித்ததும் எண்ணிப் பார்க்கக் கூடிய ஒன்று இது.

மின்சாரமே வேண்டாத கண்ணி

அந்தக் காலத்தில் தோட்டங்களில் விடியற்காலை மணி அடித்தால் அது பெரட்டுக்கான அழைப்பு என்று எல்லாருக்கும் தெரியும். மணி எந்தச் செய்தியையும் விளக்கவில்லை. என்ன ஒலித்தால் என்ன செய்ய வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். முன்கூட்டிய உடன்பாட்டுக்கு மின்கலம் தேவையில்லை.

உங்கள் குடும்பத்திலும் இந்த வாரமே நான்கு உடன்பாடுகளைச் செய்துகொள்ளுங்கள்.

ஒன்று, நடுவர். ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில் ஒவ்வொருவரும் மற்ற எல்லாரையும் தேடினால் 5 × 4 ÷ 2 = 10 இணைப்புகள் வேண்டும். வேறு ஊரில் இருக்கும் ஓர் உறவினருக்கு, எடுத்துக்காட்டாக ஜொகூரிலுள்ள சித்திக்கு, எல்லாரும் ஒரு செய்தி அனுப்பினால் 5 இணைப்புகள் போதும். மின்தடை இல்லாத ஊரில் அவர் இருந்தால் அவருடைய கைப்பேசியும் கோபுரமும் நிதானமாக இயங்கும்.

இரண்டு, நேரம். மணி 6, 7, 8 என்று ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் மட்டும் கைப்பேசியைத் திறப்பது. எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்தால்தான் பயன் உண்டு.

மூன்று, இடம். தொடர்பே கிடைக்காவிட்டால் எங்கே சந்திப்பது? ரயில் நிலைய வாசலா, பள்ளியா, வீடா? யார் யாரை அழைத்து வருவது? பாட்டியைப் பார்க்க முதலில் ஓடி வரக்கூடிய அண்டை வீட்டார் யார்?

நான்கு, தாள். நடுவரின் எண், பெற்றோரின் எண், அண்டை வீட்டாரின் எண் ஆகியவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதிப் பள்ளிப் பையிலும் பாட்டியின் கட்டிலருகிலும் வையுங்கள். கைப்பேசி அணைந்தால் அதில் உள்ள எண்களும் சேர்ந்து மறைந்துவிடும். தாள் அணையாது.

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். பாட்டிக்கு மூச்சுத் திணறல் என்றால் முதலில் 999. இல்லையென்றால் முதல் செய்தி நடுவருக்கு, அடுத்தது அண்டை வீட்டாருக்கு. பிறகு திரையை அணைத்து, அடுத்த மணி வரை காத்திருந்து, பேசி வைத்த இடத்துக்குப் பெரியவர் ஒருவரின் துணையோடு நடக்கலாம். அப்பாவும் அக்காவும் அதே திட்டத்தின்படி நடப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். 20 விழுக்காடு போதுமானது.

பயிற்சி

1. 45 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தின் அடிவானம் எத்தனை கிலோமீட்டர்?

2. 20,000 என்று குறித்த பவர் பேங்க், 15 வாட்-மணிக் கைப்பேசியை எத்தனை முறை முழுவதும் நிரப்பும்? கலத்தின் மின்னழுத்தம் 3.7 வோல்ட், மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல் போய்ச் சேர்வதாகக் கொள்க.

3. ‘பாட்டி நலம். வீட்டில் இருக்கிறோம்.’ இச்செய்தியில் கைப்பேசி எண்ணும் குறியீடுகள் எத்தனை? இது ஒரே குறுஞ்செய்தியில் அடங்குமா?

4. ஆறு பேர் கொண்ட குடும்பத்தில் நடுவர் இல்லாமல் எத்தனை இணைப்புகள்? நடுவர் இருந்தால் எத்தனை?

5. உங்கள் வீட்டிலிருந்து வெளியூர் உறவினர் வரை செல்லும் ஒரு புலனச் செய்தியின் கண்ணிகளை வரைக. ஒவ்வொரு கண்ணியின் அருகிலும் அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று எழுதுக. எது முதலில் அறும்?

விடைகள்: 1. ஏறத்தாழ 24 கிலோமீட்டர். 2. 74 வாட்-மணியில் 49 போய்ச் சேரும்; 3 முறை. 3. இடைவெளிகளையும் புள்ளிகளையும் சேர்த்து 34; அடங்கும். 4. 15, 6. ஐந்தாம் வினாவின் விடை வீட்டுக்கு வீடு மாறும். வரைந்து முடித்ததும் இரவு உணவு வேளையில் குடும்பத்தாரிடம் காட்டி, விடுபட்ட கண்ணியை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.